மேனேஜருக்கு வீடு பார்த்தபோது

பிப்ரவரி 4, செவ்வாய்

மேனேஜர் திரும்பி வந்துவிட்டார். இது மூன்றாவது வீடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குடும்பம் கூண்டையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் என் முகத்தையே பார்க்கவில்லை. அம்மாதான் பேசினார். "குழந்தைங்களோட விளையாடவே மாட்டேங்குதுங்க. பகல் பூரா தூக்கம். எடுத்தா ஓட்டம்."

"இடுப்புல முடி எங்கங்க?"

"அதுவா உதிர்ந்துடுச்சு."

அதுவா உதிருமா? சின்சில்லாவை வலுக்கட்டாயமாகப் பிடித்தால், பிடித்த கையில் முடியைக் கொத்தாக விட்டுவிட்டு ஓடும். பல்லி வாலை விடுகிற மாதிரி. யாரோ பிடித்திருக்கிறார்கள். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு கையெழுத்து வாங்கி அனுப்பினேன். இந்த விலங்குக் காப்பகத்தில் என் வேலை வந்த உயிர்களுக்கு வீடு பார்ப்பது. வந்தவர்களைத் திட்டுவது இல்லை. அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் சம்பளம் இல்லாமலே செய்வேன்.

முயல் காது, அணில் வால், இரண்டு கை சேர்த்தால் அடங்குகிற சாம்பல் உருண்டை. பகலெல்லாம் தூங்குவார். அறை ஜில்லென்று இருக்கவேண்டும். சத்தம் ஆகாது. யாரும் தொடக்கூடாது. இதையெல்லாம் பார்த்துத்தான் இங்கே எல்லோருமாக மேனேஜர் என்று பேர் வைத்தோம்.

டாக்டரம்மா அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இடம் மாத்தி அலைக்கழிச்சா சாப்பாட்டை நிறுத்திடும். நிறுத்திட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது கடைசி வீடா இருக்கணும்."

வெளிப்பலகையில் பெரிதாக எழுதினேன்: பத்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீடுகளுக்கு சின்சில்லா கிடையாது. யார் வந்து தலைகீழாக நின்றாலும் சரி.

பிப்ரவரி 5, புதன்

காய்ந்த புல் கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் பொடித்தட்டை வைத்தேன். தண்ணீர் ஆகாத பிறவி, சாம்பல்பொடியில் புரண்டுதான் குளிக்கும். வழக்கமாகப் பார்க்கவே சிரிப்பாக இருக்கும். இன்றைக்குத் தட்டைச் சுற்றி வந்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 8, சனி

அக்கா போன். காப்பகத்தின் இணையப் பக்கத்தில் மேனேஜர் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அடியே, இவ்வளவு அழகா ஒண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு! பட்டாணிக்குப் பிறந்தநாளுக்கு ஒரு செல்லப்பிராணின்னு சொல்லி வச்சிருக்கேன். இதையே எடுத்துக்கிறேன்."

பட்டாணி அக்கா மகள். ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. அவளுக்குப் பின்னால் இரண்டு வயதில் ஒரு தம்பி, அவன் பேர் புயல். வைத்த பேர் வேறு, நடத்தை இது.

பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன்.

"அது ஊருக்கு. நான் உன் அக்கா."

"அக்கான்னா? அதுக்குத் தெரியுமா நீ என் அக்கான்னு?"

"உன் பொழப்பே மிருகத்துக்கு வீடு தேடறது. சொந்த அக்கா வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதனாலதான் வேண்டாங்கறேன்."

போனை வைத்துவிட்டாள். என் அக்கா முதலில் போனை வைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்கப் பேசி, வேலை முடிந்ததும் இளைப்பாற எங்களோடு பேசுவாள்.

நான் செய்தது சரிதான். சரிதானே? சரிதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா போன். "ஒரு எலிக்காக அக்காவை அழ வைப்பியா?" எலி இல்லம்மா என்றேன். அதற்கு இரண்டு மடங்கு திட்டு.

பிப்ரவரி 12, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் அக்கா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காப்பகத்துக்கே வந்துவிட்டாள். நேரில் பார்த்தால் மனசு இளகும் என்று கணக்கு. என்னைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒன்றுமே தெரிந்துகொள்ளவில்லை.

உள்ளே வந்ததும் புயல் ஓடிப்போய் மேனேஜர் கூண்டைக் கையால் படபடவென்று தட்டினான். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, நாய்க்குட்டி மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டார். அக்கா "டேய், டேய்" என்று புயலைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அவள் கைப்பை கூண்டில் மோதியது. அதற்குள் அவள் போன் அடித்தது. அதையும் எடுத்தாள். எனக்கு உச்சந்தலை கொதித்தது.

பட்டாணி மட்டும் சுவரோரமாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"கண்ணு, இது உங்க வீட்டுக்கு ஒத்துவராதுடா. சித்தி மேல கோவமா?"

"இல்லை சித்தி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வராதுன்னு. அம்மா சொல்லுவாங்க. நடக்காது."

அழவில்லை. புகார் சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு அவளாகவே விளக்கினாள். நீச்சல் வகுப்பு சொன்னாங்க, தம்பிக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. ரயில்ல ஜன்னல் சீட்டு சொன்னாங்க, போகலை. மீன் சொன்னாங்க, தம்பி கொட்டிடுவான்னு வாங்கலை. "அம்மா பொய் சொல்றதில்ல சித்தி. நடக்காது, அவ்வளவுதான்."

நிமிர்ந்தால் அக்கா பின்னால் நிற்கிறாள். காதில் போன். போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்கிறார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

மனசு ஆறவில்லை. ஆனால் பட்டாணி பாவம் என்பதற்காக மேனேஜரைப் பலி கொடுக்க முடியுமா? இரண்டு உயிர். இரண்டு பேருக்குமே இன்னொரு தடவை ஏமாற்றம் தாங்காது.

அதனால் ஒன்று யோசித்தேன். கொஞ்சம் குசும்பான யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன்: சனிக்கிழமைதோறும் பொழுது சாயும்போது, அவர் விழிக்கிற நேரத்துக்கு வாருங்கள். காலி அறையில் அவரை அவிழ்த்துவிடுவேன். தரையில் சும்மா உட்காரவேண்டும். கூப்பிடக்கூடாது, கை நீட்டக்கூடாது. குழந்தையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம். அவராக வந்தால் வருவார். வந்து, பழகி, பிறகு பேசுவோம்.

ஒரு சனிக்கிழமையோடு ஓடிவிடுவார்கள். 'நான் என்ன மறுத்தேனா' என்று அம்மாவிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 15, சனி

வந்தார்கள். புயலை அத்தானிடம் விட்டுவிட்டு அம்மாவும் மகளும் மட்டும்.

காலி அறை என்றால் நிஜமாகவே காலி. தரை, சுவர், கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. நான் அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூண்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அக்கா உட்கார்ந்தாள். காலை மாற்றினாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். "கூப்பிடு கண்ணு, வா வான்னு கூப்பிடு" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். போனைப் பார்த்தாள். முட்டி போட்டு நகர்ந்துபோய்க் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மேனேஜர் பெட்டிக்குள்ளிருந்து மீசையைக்கூடக் காட்டவில்லை.

பட்டாணி அசையவில்லை. சும்மா சொல்லவில்லை. சம்மணம் போட்டு, கையை மடியில் வைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு இருந்தாள். மூக்கு நுனியில் ஏதோ அரித்தது போல, மூக்கை மட்டும் சுருக்கினாள். கை எழவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய ஆள்கூட அந்த அறையில் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "எங்கடா கத்துக்கிட்ட இப்படி உக்கார?"

"வீட்டுல. தம்பி தூங்கும்போது இப்படித்தான் உக்காரணும். அம்மா ஷ்ஷ்னு சொல்லுவாங்க."

அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அவ்வளவு நேரமா ஆகும் செருப்பு மாட்ட?

எனக்கு வெற்றி மாதிரியே இல்லை.

பிப்ரவரி 22, சனி

இன்று மேனேஜர் வெளியே வந்தார்!

முதலில் தலை. பிறகு ஒரு தத்தல். சுவரோரமாக அறையை ஒரு சுற்று. பட்டாணி முன்னால் வந்து நின்று, காலுறை நுனியை முகர்ந்து, பல்லால் மெல்ல இழுத்துப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வாயை இறுக்க மூடிக்கொண்டு கண்ணாலேயே சிரித்தாள்.

"ஐயோ பாரேன்! கடிக்குது பாரேன்!" இது அக்கா. ஆசையில்தான் கத்தினாள். மேனேஜர் சுவரில் காலை வைத்து எம்பி, ஒரே பாய்ச்சலில் கூண்டுக்குள் போய்விட்டார். அதன்பிறகு வரவே இல்லை.

பட்டாணி அம்மாவைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "அம்மா, நீங்க வெளிய இருக்கீங்களா?"

அக்கா நடைபாதைக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதாள். தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றைக்கு வேலையே ஓடவில்லை. மேனேஜரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

முதல் வீடு. கைக்குழந்தை இருந்தது. ஆனால் குழந்தையா கூண்டை வெயில் ஜன்னலில் வைத்தது? 'காத்தோட்டமா இருக்கட்டும்'னு வைத்தது தாத்தா. மேனேஜர் மயங்கிக் கிடந்துதான் வந்தார்.

இரண்டாவது வீட்டில் ஒரு சிறுமி. அவள் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. 'பாவம், புழுதில புரளுது' என்று ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியது அவள் அம்மா. ஈரம் அந்த அடர்ந்த முடியில் காயாமல் ஜுரம் வந்தது. கெஞ்சலாகப் பார்க்கிறதே என்று உலர்ந்த திராட்சையாகக் கொடுத்து வயிற்றைக் கெடுத்ததும் அதே அம்மா.

மூன்றாவது வீடு? பிள்ளைகள் பிடித்து இழுத்தார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மனசு கேட்காமல் போன் போட்டேன். மூத்த பையன் எடுத்தான். "நாங்க பிடிக்கல ஆன்ட்டி. போட்டோ எடுக்கணும்னு அப்பாதான் பிடிச்சாங்க. நாங்க வேண்டாம்னு சொன்னோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "முடி வளர்ந்துடுச்சா?"

வளருதுடா கண்ணா என்றேன்.

பலகையை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தைகள் என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அதுக்காகக் குழந்தைங்க கையில குடுத்துடலாம்னு அர்த்தமில்ல" என்றார். "உன் அக்கா பொண்ணு மாதிரி ஆயிரத்துல ஒண்ணு. மத்ததுங்க புயல்தான். சின்சில்லா எலும்பு குச்சி மாதிரி, ஒரு அழுத்து அழுத்தினா போச்சு. ஆனா பிள்ளைக்குப் பத்து வயசு ஆனதும் அப்பா அம்மாவுக்கு அறிவு வந்துடுமா என்ன?"

அப்படியென்றால் நான் கேட்கவேண்டிய கேள்வியே வேறு.

மார்ச் 1, சனி

அக்கா வந்ததும் நேராகவே சொல்லிவிட்டேன். "பரீட்சை பட்டாணிக்கு இல்ல. அவ பாஸாகி ரெண்டு வாரமாச்சு. பரீட்சை உனக்கு."

"எனக்கா?"

"வளர்க்கப்போறது யாரு? அவளா? அவ பார்ப்பா. பொடித்தட்டு வைக்கிறது, புல்லு மாத்தறது, சாப்பிட்டுதா இல்லையான்னு கவனிக்கறது எல்லாம் நீ. உன்னைப் பார்த்தாலே அது பெட்டிக்குள்ள ஓடுது. நீ ஒரு இடத்துல சும்மா உக்காரு அக்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பொரிந்து தள்ளிவிட்டாள். "சும்மா உக்காரணுமா? நல்லா சொன்னடி! காலையில எழுந்ததுலேருந்து கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடறேன். ஒரு காதுல கஸ்டமர், ஒரு கையில புயலு, அடுப்புல ஏதோ தீயுது. நான் உக்காந்தா அந்த வீடு நின்னுடும். உனக்கென்ன, புருஷனா பிள்ளையா? எலிக்குத் தாலாட்டுப் பாடிட்டு எனக்குப் பாடம் எடுக்கிற!"

சுருக்கென்றது. நானும் சும்மா இருக்கவில்லை. "பாடம் வேண்டாம்னா போ. இன்னொரு தடவை வாக்கு குடுத்துட்டு, இன்னொரு தடவை நடக்காதுன்னு அவ வாயால கேளு."

சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

பட்டாணியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 8, சனி

வரவில்லை. மேனேஜர் மட்டும் அறையைத் தனியாகச் சுற்றினார். நான் உட்கார்ந்தேன்.

மார்ச் 15, சனி

அக்கா வந்தாள். தனியாக. வந்ததும் போனை அணைத்து என் கையில் வைத்தாள். அவள் போனை அணைத்து நான் பார்த்தது அவள் பிரசவத்தின்போதுதான்.

"பட்டாணி எங்க?"

"சொல்லல அவகிட்ட. இனிமே எதையும் முன்னாடியே சொல்றதா இல்ல." என் முகத்தைப் பார்க்காமலே அறைக்குள் போனாள்.

போன வேகத்தில் எழுந்து வந்தாள். "முதுகு வலிக்குதுடி." மறுபடி போனாள். மறுபடி வந்தாள். "கேஸை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு." அத்தானிடம் கேட்டுச் சொன்னேன், அணைத்திருக்கிறாள். மறுபடி போனாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் விரலால் தொடையில் தாளம். உதடு அசைகிறது. யாரும் இல்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கஸ்டமராக இருக்கும்.

மேனேஜர் வரவில்லை.

"அடுத்த வாரமும் வருவேன்" என்றாள். கேள்வி இல்லை, அறிவிப்பு. எங்கள் வீட்டில் பிடிவாதம் எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 22, சனி

வந்தாள். விரல் தாளம் நின்றுவிட்டது. மேனேஜர் தலையை மட்டும் நீட்டி அவளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "இவ்வளவு நேரமும் பட்டாணி என்னத்தைத்தான்டி நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பா? தம்பி தூங்கும்போது?"

மார்ச் 29, சனி

இன்றைக்கு அத்தான் வெளியூர். புயலைப் பக்கத்து வீட்டில் விட்டு, பட்டாணியைக் கூட்டி வரும்படி ஆகிவிட்டது. பட்டாணி என்னோடு கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல்மேல் நின்றாள்.

அக்கா உள்ளே சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சரிந்து, அடித்துப்போட்ட மாதிரி. எத்தனை நாள் தூக்கமோ.

மேனேஜர் வந்தார். ஒரு தத்தல், ஒரு நிறுத்தம். அவள் காலைத் தாண்டினார். மடியில் ஏறினார். அங்கேயிருந்து தோள். தோளில் உட்கார்ந்து, முன்னங்கையால் முகம் துடைத்துக்கொண்டு, அவள் தலையில் மாட்டியிருந்த கிளிப்பை நிதானமாகக் கடிக்க ஆரம்பித்தார்.

நான் கத்திவிடுவேனோ என்று எனக்கே பயம். பட்டாணி தன் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் என் வாயைப் பொத்தினாள்.

அக்கா கண் விழித்தாள். தோளில் பாரம் தெரிந்திருக்கும். அசையவில்லை. கண்ணை மட்டும் திருப்பிக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, துடைக்கக் கை எடுக்கவில்லை. அவராக இறங்கிப் போகும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியே வந்ததும் சந்தோஷத்தில் ஆடிவிடுவாள் என்று பார்த்தேன். "கிளிப் போச்சு" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா வீட்டைப் பார்வையிடப் போனேன். தங்கையாக இல்லை. காப்பகத்து ஆளாக, கழுத்தில் அடையாள அட்டையோடு. அத்தான் வாசலில் நின்று "வாங்க மேடம்" என்றார். சிரிக்கவில்லை நான்.

அந்த வீட்டில் ஏ.சி. உள்ள அறை ஒன்றுதான், அக்காவின் வேலை அறை. அதைத்தான் காட்டினாள். மேசையை ஒரு ஓரமாக ஒதுக்கி, கூண்டுக்கு இடம் விட்டிருந்தாள். கண்ணாடிக் கதவில் புயலுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். வயரெல்லாம் குழாய்க்குள் போயிருந்தது.

"பகல்ல நீ இங்கதானே பேசுவ? அது தூங்கணுமே."

"மெதுவாப் பேசிப் பார்த்தேன் இந்த வாரம். கஸ்டமரும் மெதுவாத்தான்டி பேசறாங்க. இத்தனை வருஷம் நான் கத்தினதாலதான் அவங்களும் கத்தியிருக்காங்க போல."

புயல் கதவுக்கு வெளியே நின்று தாழ்ப்பாளைப் பார்த்துக் கூச்சல் போட்டான். அவன் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. அவன் வளரும்வரை கண்ணாடி வழியாகப் பார்வை மட்டும். அக்கா ஒப்புக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "இருபது வருஷம்கூட இருக்கும் இது. பட்டாணி வேலைக்கே போயிடுவா. யோசிச்சியா?"

"யோசிச்சேன். அவ போனப்புறம் எனக்கும் ஒரு ஆள் வேணாமா?"

இன்னும் இரண்டு சனிக்கிழமை வா, பிறகு சொல்கிறேன் என்றேன். "சரிங்க மேடம்" என்றாள் அவளும்.

ஏப்ரல் 19, சனி

மேனேஜரைக் கொண்டுபோய் விட்டேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். கூண்டை நானே சுமந்தேன், வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை.

இன்றைக்குத்தான் என்று பட்டாணிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விளையாடிவிட்டு வந்தவள் அறை வாசலில் நின்றாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"எத்தனை நாளைக்கு?"

எப்போதும் இருப்பார் என்று அக்கா சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் படபடத்தது. அவள் மண்டியிட்டு மகள் உயரத்துக்கு வந்தாள்.

"தெரியாதும்மா. நான் எப்படிப் பார்த்துக்கறேங்கறதைப் பொறுத்தது. இன்னைக்கு இருப்பார்."

பட்டாணி தலையாட்டினாள். நேராகப் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பலகையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: சின்சில்லா வேண்டுமா? உங்கள் வீட்டில் எந்தப் பெரியவர் சும்மா உட்காருவார்?

மத்தியானமே ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வந்து படித்தார். "எங்க வீட்ல யாரும் உக்காரமாட்டோங்க" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினார். நல்ல மனுஷன்.

மே 24, சனி

மதியம் ஊரெங்கும் கரண்ட் போய்விட்டது. வெயில் பொசுக்குகிறது. ஏ.சி. நின்றால் மேனேஜர் கதி? அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா! ஏ.சி.! உடனே அதை–"

"கத்தாதடி, தூங்கறார்." கிசுகிசுப்பான குரல். அவர் படுத்துக்கொள்ள ஒரு சலவைக்கல் துண்டை முன்பே குளிரவைத்துக் கூண்டுக்குள் போட்டிருக்கிறாள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டோரம் வைத்திருக்கிறாள். காது சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம், சூடு ஏறினால் அங்கேதான் முதலில் தெரியும். அதை நான் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

கரண்ட் வந்ததும் அவளே சொன்னாள். புல் கேட்கிறாராம்.

ஜூன் 14, சனி

பொழுது சாயும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். மேனேஜர் இடுப்பில் முடி நிறைந்துவிட்டது என்று படம் அனுப்பியிருந்தாள். முடி வளர்ந்ததா என்று கேட்ட அந்தப் பையன் வீட்டுக்கும் அதை அனுப்பினேன்.

மணியை அழுத்தப் போனேன். அதற்குள் கதவு திறந்தது. பட்டாணி. உதட்டின்மேல் விரல்.

"ஷ்ஷ். அம்மா உக்காந்திருக்காங்க சித்தி."

எட்டிப் பார்த்தேன். வேலை அறைக் கண்ணாடி முழுக்கப் புயலின் கை அச்சு. அவன் மூக்கை அதில் அப்பிக்கொண்டு, அதிசயமாக, சத்தமில்லாமல் நிற்கிறான். உள்ளே தரையில் அக்கா. தலையில் புதுக் கிளிப், பாதி கடித்தது.

நானும் பட்டாணியும் சமையலறையில் உட்கார்ந்து பழம் தின்றோம். மேனேஜர் நேற்று பொடியில் எப்படிப் புரண்டார் என்று காட்ட நாற்காலியிலேயே உருண்டாள். பிறகு நினைவு வந்தவள் போலச் சொன்னாள்:

"சித்தி, நாளையிலேருந்து நான் நீச்சல் வகுப்புக்குப் போறேன்."

"அப்படியா? யாரு சொன்னா?"

"அம்மா சொன்னாங்க."

கூடவே 'நடக்காது' என்பாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பழத்தைத் தின்றாள்.